கூப்பிட்டும் திரும்பாதவள்

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவிப் பிழைக்கிற கஸ்தூரிக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த ஐம்பத்திரண்டு வருடத்தில் அவள் யாரையும் எடுத்தெறிந்து பேசியதாக ஒருவரும் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால்தானே எடுத்தெறிவதற்கு! அப்படிப்பட்டவளுக்குப் போன கார்த்திகையில் போலீஸ் ஸ்டேஷனில் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதைச் சொன்னால் அவளுடைய வாழ்க்கை முக்கால்வாசி சொன்னதாகிவிடும்.

தோணிரேவு ஊரைத் தாண்டிப் போனால் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே பதினெட்டு வீடுகள். அதில் கடைசி வீடு அவளுடையது. அவளும் அவள் புருஷன் ராமனும் மட்டும். ஒரே மகள் பவித்ரா கல்யாணமாகிச் சூலூர்பேட்டைப் பக்கம் போய்விட்டாள். இந்தப் பதினெட்டு வீட்டில் யாருக்கும் படகு இல்லை, வலை இல்லை. இடுப்பளவு தண்ணீரில் மண்டி போட்டு நகர்ந்துகொண்டே இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, விரலில் தட்டுப்படுகிற இறாலையும் நண்டையும் பிடிக்க வேண்டும். கை இரண்டும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி தாடைக்குக் கீழே தண்ணீரில் தொங்கிக்கொண்டே வரும். வாயைத் திறந்தால் பறி போய்விடும். காலை ஏழு மணிக்கு மூடின வாயை மத்தியானம் கரையேறித்தான் திறப்பார்கள். ஏரிக்காரர்களுக்கு இது தெரியும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்கு யார் சொல்வது?

ராமனும் ஒரு காலத்தில் அவளோடு தண்ணீரில் இறங்கினவன்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வயலில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் காணாமல் போனது. திருடு என்று வந்தால் போலீஸ் முதலில் இந்தப் பதினெட்டு வீட்டுக்கு வருவது அப்போதைய வழக்கம். வந்தார்கள், வாசலில் நின்றிருந்த ராமனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாலு நாள் வைத்திருந்தார்கள். அந்த நாலு நாளும் கஸ்தூரி கைப்பிள்ளை பவித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் துணையாக ஒரு ஜீவன் வரவில்லை. ஐந்தாம் நாள் மோட்டார் அகப்பட்டது. வயல்காரரின் சொந்த மச்சானே எடுத்துப் போயிருந்தார். ராமனை, போடா என்று சொல்லி விட்டுவிட்டார்கள். தப்பாகிவிட்டது அப்பா, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாருடைய தொப்பி கீழே விழுந்திருக்கும்? யாரும் சொல்லவில்லை. மோட்டார் வயலுக்குத் திரும்பிவிட்டது. ராமன் திரும்பின மாதிரி கஸ்தூரிக்குத் தோன்றவே இல்லை. அதற்கப்புறம் அவன் தண்ணீரில் இறங்கவில்லை. கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரில் இருக்க முடியாது என்றான்.

இரண்டு வருடமாக அவனுக்கு மறதி வேறு. மகள் கல்யாணம் மறந்துவிட்டது. சாப்பிட்டது மறந்துவிட்டது. சில நாள் கஸ்தூரியையே யாரோ போலப் பார்ப்பான். மோட்டார் மட்டும் மறக்கவில்லை. "கேஸு இன்னும் முடியல. நான் இங்க கீறன்னு யாராண்டயும் சொல்லாத" என்பான். அவள் இல்லை என்று மறுத்துப் பார்த்து, கடைசியில் சரி என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

கார்த்திகையில் புயல் சின்னம் வந்தது. ஒரு காலையில் போலீஸ் ஜீப் மைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வீட்டுக்கும் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள், சாப்பாடு தயாராக இருக்கிறது, பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் கூட்டி வாருங்கள் என்று நல்ல வார்த்தைதான் சொன்னது. ராமன் காதில் ஜீப் சத்தம் மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். கஸ்தூரி அப்போது தண்ணீரில் இருந்தாள். வந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டது. ராமன் எந்தப் பக்கம் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் எல்லோரும் சேர்ந்து தேடினார்கள். மூன்றாம் நாள் கஸ்தூரி, ஸ்டேஷனில் சொல்லப் போகிறேன் என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது. பக்கத்து வீட்டு வசந்தா நல்லவள்தான். அவளே வாசலில் மறித்துக்கொண்டாள்.

"உனுக்கு புத்தி கித்தி கெட்டுச்சா? நீ போய் போலீச இட்டுகினு வந்தீன்னா அது உன் வூட்டோட நிக்காது. எங்க ஆம்பளைங்களையும் இஸ்துகினு போவும்."

"வேற இன்னாடி பண்ணச் சொல்ற?"

"தேடலாம். ஆனா அங்க மட்டும் போவாத."

கஸ்தூரி போனாள். போவதற்கு முன்னால் பழவேற்காட்டில் தான் வழக்கமாக இறால் கொடுக்கிற பரக்கத் பீவியின் வீட்டுக்குப் போனாள். பீவிதான் மனு எழுதித் தந்தார். அடியில் தன் போன் நம்பரையும் எழுதினார். "ரசீது வாங்காம வராத. கேக்குறது உன் உரிமை. அழுதுகினே நிக்காத, வெவரத்த ஒவ்வொண்ணா சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். அந்த வாரமே மகள் ஃபர்ஹத்தின் பிரசவத்துக்கு அவர் சென்னைக்குப் போய்விட்டார். அப்புறம் கஸ்தூரிக்கு மனது விட்டுப் பேச அந்த ஒரு வாசலும் இல்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் மூர்த்தி மனுவை வாங்கிப் படித்தார். "குடிச்சிட்டு எங்கயாவது விழுந்து கிடப்பான்மா" என்றார். "அவரு குடிக்க மாட்டாரு சார்" என்று அவள் சொன்னதை அவர் நம்பினாரோ இல்லையோ, ரசீது எழுதிக் கொடுத்தார். அவள் அந்த ஒன்றரை மணி நேரமும் நின்றுகொண்டே இருந்தாள். மனு கொடுப்பவர்கள் உட்காரவும் என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டி, கீழே மூன்று நாற்காலியும் போட்டிருந்தார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உட்காரம்மா என்று வாயால் சொல்லலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து பதினெட்டு வீட்டில் அவளோடு பேச்சு குறைந்தது. அவள் தண்ணீரில் இறங்கினால் மற்றப் பெண்கள் கொஞ்சம் தள்ளி இறங்கினார்கள். சாயங்காலம் வீட்டில் சோற்றை இரண்டு பேருக்கு வடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். ராமன் இருந்தபோதும் பெரிதாகப் பேச்சு இருந்ததில்லை. ஆனால் பேசாமல் இருக்கவாவது ஓர் ஆள் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ராமன் போன பதினோராம் நாள் பகலில், அவள் தண்ணீரில் இருக்கும்போது கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. காக்கி. மற்றப் பெண்களின் தலைகள் சட்டென்று தாழ்ந்தன. வந்தவன் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான்.

"கஸ்தூரி யாரு? ராமன் சம்சாரம் யாரு? ஏய், கூப்பிடுறது காதுல விழலயா?"

கஸ்தூரிக்கு விழுந்தது. நன்றாகவே விழுந்தது. பல்லில் கயிறு இருந்தது, அது ஒன்று. ஆனால் கயிறு இல்லாவிட்டாலும் அவள் பதில் சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்தான். அவளுக்குத் தோன்றியதெல்லாம், வசந்தா சொன்னது சரியாகப் போயிற்று, மனு கொடுத்தவளையே பிடிக்க வந்துவிட்டார்கள் என்பதுதான். கால் தானாக ஆழத்தை நோக்கி நகர்ந்தது. கழுத்துவரைக்கும் தண்ணீர் வந்த பிறகுதான் நின்றாள். கரையில் இருந்தவன் கால் மணி நேரம் கத்தினான். கடைசியில் எதையோ திட்டிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். அன்றைக்கு அவள் பறியில் கால் பங்குகூட நிறையவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து ராத்திரி முழுக்க நல்ல மழை. மறுநாள் அவளுக்கு மனது கேட்கவில்லை. பிடித்தால் பிடிக்கட்டும், ராமனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனாள். மூர்த்தி அவளைப் பார்த்ததும் பேனாவைக் கீழே போட்டார்.

"வாம்மா மகாராணி. நேத்து ஆள் அனுப்பிச்சா திரும்பிக்கூடப் பாக்க மாட்டியாமே? உன் புருஷனத் தேடுறதா, உனக்கு வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடுறதா?"

"இன்னா சார் சொல்றீங்க?"

"சுண்ணாம்புக்குளத்துல பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கான்னு டீக்கடைக்காரரு போன் பண்ணாரு. மனுவுல இருந்த நம்பருக்கு அடிச்சா அந்தம்மா சென்னையில இருக்கு. சரின்னு இந்தப் பால்ராஜ அனுப்பினேன். வேகாத வெயில்ல போய்க் கத்திட்டு வந்தான். நீ பாட்டுக்கு உள்ள போய்க்கிட்டே இருந்தியாம்."

நேற்று ராமன் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தான். நேற்று மத்தியானம் அவள் கையைத் தூக்கியிருந்தால் நேற்றே அவனைக் கூட்டி வந்திருக்கலாம். அவள் கழுத்தளவு தண்ணீரில் ஒளிந்துகொண்டிருந்தாள். அவன் ராத்திரி மழையில் எங்கே கிடந்தானோ!

"இப்போ கீறாரா சார்?"

மூலையில் நின்றிருந்த பால்ராஜ்தான் பதில் சொன்னான். முப்பது வயது இருக்கும். தேனிப் பக்கத்து ஆள், மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. "தெரியல. நீ வரலைன்னதும் ஜீப்புல ரெண்டு பேர் போய்ப் பாத்தாங்க. ஜீப்பப் பாத்து ஓடிட்டானாம். ஏம்மா, நான் என்ன உன்ன அடிக்கவா வந்தேன்? நல்ல சேதி சொல்ல வந்தவன இப்படித்தான் அலைய விடுவியா? வாயத் திறந்து ஏன்னு ஒரு வார்த்தை கேட்டா முத்து உதிர்ந்துருமா?"

அவள் இடுப்பில் செருகியிருந்த பறியை எடுத்தாள். காலையில் தண்ணீரில் இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே அதையும் கொண்டு வந்திருந்தாள். கயிற்றைப் பல்லில் வைத்துக் கடித்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தரையைத் தடவுவதுபோலக் காட்டினாள். அப்புறம் கயிற்றை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"இப்பிடித்தான் சார் எங்க வேலை. வாயத் தொறந்தா பறி பூடும்."

பால்ராஜ் பறியைப் பார்த்தான். அவளுடைய முன்பல் இரண்டும் கயிறு ஓடி ஓடித் தேய்ந்திருந்ததையும் பார்த்தான். அவன் குரல் இறங்கியது. "சரி, வாய்தான் முடியாது. ஒரு கையத் தூக்கிக் காட்டியிருக்கலாம்ல?"

கஸ்தூரிக்கு அங்கேதான் அழுகை வந்தது. "காட்டி இருக்கலாம் சார். என் தப்புதான். ஆனா காக்கியப் பாத்தா எனுக்கு கை மேல வரல சார். இருவது வருசமா வரல."

மோட்டார், நாலு நாள், புளியமரம் எல்லாவற்றையும் அவள் அப்போதுதான் முதல்முறையாக ஒரு போலீஸ்காரரிடம் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னாள். பாதியில் பால்ராஜ் ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். உட்கார் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்ததோ என்னவோ, நாற்காலியின் முதுகைத் தட்டிக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் நுனியில் உட்கார்ந்தாள். மூர்த்தி பால்ராஜைப் பார்த்து, "வண்டியில கூட்டிட்டுப் போய்ப் பாருய்யா" என்று மட்டும் சொன்னார்.

காக்கிச்சட்டைக்காரனுக்குப் பின்னால் அவள் போவதை வழியில் தெரிந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். யாரும் என்ன என்று கேட்கவில்லை. மரத்தடியில் நண்டுகளின் காலைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஒன்றும் இல்லை, புருஷனைத் தேடப் போகிறேன் என்று கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது கஸ்தூரிக்கு. வண்டி அதற்குள் தாண்டிவிட்டது.

சுண்ணாம்புக்குளத்து டீக்கடைக்காரர், ஆள் எதிரே இருக்கிற சவுக்குத் தோப்புக்குள் ஓடினதைப் பார்த்ததாகவும் வெளியே வரவில்லை என்றும் சொன்னார். பால்ராஜ் தோப்பை நோக்கி நடந்தான். கஸ்தூரி அவன் முன்னால் போய் நின்றாள். அவளுக்கே அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"இப்பிடியே போனா அவரு ஆந்திரா வரைக்கும் ஓடுவாரு சார். சட்டைய கயட்டிடு சார்."

"டூட்டியில சட்டையக் கழட்டினா எனக்கு மெமோ வரும்மா."

அவள் வழி விடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். பால்ராஜ் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். அப்புறம் வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கட்டம் போட்ட சட்டையை எடுத்து மாற்றிக்கொண்டான். டீக்கடைக்காரரின் லுங்கியை வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"பூட்ஸு சார்."

அதையும் கழற்றினான். தோப்புக்குள் பத்தடி போனதும் கஸ்தூரி திரும்பிப் பார்த்து, "அப்பிடி நெஞ்ச நிமித்திகினு நிக்காத சார். போலீசுன்னு தூரத்துலயே தெரியுது. குந்து" என்றாள். ஆறு மாதப் பயிற்சியில் நிமிரக் கற்றுக்கொண்டவன் சவுக்குச் சருகில் குந்தினான்.

அவள் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒளிந்திருப்பவன் வர மாட்டான். தண்ணீரில் பல்லில் கயிறோடு இருக்கிறவர்கள், கூட வந்தவர் எங்கே என்று தெரிந்துகொள்ள மூடின வாய்க்குள்ளிருந்து ஒரு நீளமான உம் கொடுப்பார்கள். அந்தப் பக்கமிருந்து ஓர் உம் வரும். கல்யாணமான புதிதில் அவளும் ராமனும் அப்படித்தான் ஏரி முழுக்கப் போவார்கள். அவள் உதட்டை மூடிக்கொண்டு உம் கொடுத்தாள். பதில் இல்லை. மறுபடி கொடுத்தாள். மழை ஈரத்தில் தோப்பு கம்மென்று இருந்தது. அவள் எத்தனை தடவை கொடுத்தாளோ, இருபதா, முப்பதா. பதிலே வராமல் போய்விடும் என்கிற பயத்தில் அவள் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பால்ராஜ் சருகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இடது பக்கத்திலிருந்து மெலிசாக ஓர் உம் வந்தது.

ராமன் சவுக்கு மரங்களுக்கு நடுவிலிருந்து தண்ணீரில் நகர்வதுபோல முட்டியைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தான். உடம்பெல்லாம் ஈரம், கண்ணில் காய்ச்சல். கஸ்தூரியை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. அவன் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள். திட்டவும் செய்தாள், எங்கே போய்த் தொலைந்தாய் என்று. பால்ராஜ் கடைக்குப் போய்ப் பன்னும் டீயும் வாங்கி வந்தான். டீயை ஆற்றி அவனே நீட்டினான். ராமன் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"யாரு இந்த தம்பி?"

கஸ்தூரிக்கு வாய்வரைக்கும் பொய் வந்தது. மரம் வெட்டுகிற ஆள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் நாளைக்கே இதே ஆளைக் காக்கியில் பார்த்தால் ராமன் அப்புறம் அவளையும் நம்ப மாட்டான். அவனுக்கு இந்த உலகத்தில் நம்புவதற்கு இருப்பது அவள் ஒருத்திதான். தவிர, இருபத்திரண்டு வருடமாக ராமனுக்கு ஒரே ஒரு மாதிரிப் போலீஸ்தான் தெரியும். இன்னொரு மாதிரியும் உண்டு என்று அவன் ஒரு தடவையாவது தெரிந்துகொள்ளட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பால்ராஜைப் பார்த்தாள். அவன், சொல்லு என்பதுபோலத் தலையாட்டினான்.

"போலீசு. உன்ன தேடிகினு வந்தாரு. நல்லவரு."

பன் பாதியில் நின்றது. கஸ்தூரி அவன் ஓடிவிடுவான் என்று கையைப் பிடிக்கப் போனாள். அவன் ஓடவில்லை. மீதிப் பன்னைப் பத்திரமாக அவள் கையில் கொடுத்தான். வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பால்ராஜ் முன்னால் நீட்டினான்.

"நீ வூட்டுக்கு போ கஸ்தூரி. புள்ள தனியா கீது. நாலு நாள்ல உட்டுடுவாங்க. அந்த மரத்தடியில வந்து குந்திகினு இருக்காத, வெயிலு."

அந்தப் புளியமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியும் என்பதே கஸ்தூரிக்கு அன்றுவரை தெரியாது. உள்ளேயிருந்து எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தானோ! அத்தனை வருடமும் அதை அவன் சொன்னதே இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பால்ராஜ் நீட்டின கைகளைப் பார்த்தான். தன் இரண்டு கையாலும் அவற்றை மெதுவாகப் பிடித்துக்கொண்டான். "ஐயா, கேஸெல்லாம் இல்லய்யா. அது எப்பவோ முடிஞ்சிருச்சு. நீங்க தப்பு செய்யல. நாங்கதான் செஞ்சோம்" என்றான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் தேனியில் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்துக்கொண்டிருந்திருப்பான். ஆனாலும் நாங்கள் என்றுதான் சொன்னான்.

ராமன் காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. அவன் பால்ராஜின் முகத்தருகே குனிந்து, கிண்டல் கொஞ்சமும் இல்லாமல், தெரியாததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசையில் கேட்டான்:

"போலீசுன்னு சொல்றா. அப்புறம் இன்னாத்துக்கு நைனா நீ இன்னும் அடிக்கல?"

பால்ராஜ் அவன் கையை விடாமல் தலையைக் குனிந்துகொண்டான். ராமன் ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தான்.